பளிங்கு துடைத்த புள்ளி

பழைய கார் விற்கும் கடையில் அவரை எல்லோரும் பளிங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை கை மாறி வந்த வண்டியானாலும், கண்ணாடி அவர் கைக்குப் போய்த் திரும்பினால் போதும்; வாங்க வருகிறவர் விலையைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு முன் அதில் ஒரு தடவை தலைமுடியைச் சரிசெய்துகொள்வார். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்கிற ஆள். அவருடைய மைத்துனி அக்கா வீட்டுக்கு வந்தால் மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள்.

அன்று மதியம் அவர் மனைவிக்கு ஓட்டுநர் தேர்வு. மூன்றாவது தடவை. முன் இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் கோட்டைவிட்டாள்: இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் போய் வண்டியை ஓரங்கட்டுகிற இடம். வீடு வீடாக மருந்து கொண்டுபோகும் வேலையை மருந்துக்கடைக்காரர் அவளுக்கென்று பிடித்துவைத்திருந்தார். "இந்தத் தடவையும் இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்குறேம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை.

காலையில் அவள் குளிக்கப் போனதும் பளிங்கு வாளியும் துணியுமாகத் தங்கள் பழைய காரிடம் போனார். தன்னால் ஆன உதவி. உப்புத்தண்ணீர் காய்ந்து படிந்த வட்டங்களை வினிகரில் ஊறவைத்து எடுத்தார். பக்கத்து இருக்கை ஜன்னல் கண்ணாடியில் மிளகளவு சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. எவன் வீட்டுப் பெயின்ட்டோ என்று திட்டியபடி சோப்புத்தண்ணீர் தடவி, பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினார். போய்விட்டது. அது போனதும் அதன் பக்கத்தில் ஒரு கீறல் தெரிந்தது.

நகத்தால் இழுத்துப் பார்த்தார். சிக்கவில்லை. நகம் சிக்காத கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம். பாலிஷ் பவுடரைக் குழைத்துத் தடவி, ட்ரில்லில் கம்பளிச் சக்கரத்தை மாட்டி ஓடவிட்டார். ஈரத்தில் மறைந்த கீறல் காய்ந்ததும் பல்லைக் காட்டியது. மறுபடி தேய்த்தார். மறுபடி பல்லைக் காட்டியது. ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, அந்த இடம் மட்டும் தேய்ந்து பள்ளமாகிவிடும் என்று கடையில் மற்றவர்களிடம் ஓயாமல் சொல்கிறவர் அவர்தான். ஆனால் எரிச்சல் தலைக்கேறியவனுக்குத் தன் பேச்சே காதில் விழுமா? கீறல் ஒழிகிறவரை அங்கேயே நின்றார்.

ஈரத்தலையோடு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவள் அலறினாள்.

"என்னங்க, புள்ளி எங்க?"

"எந்தப் புள்ளி?"

"சிவப்புப் புள்ளி! கம்பம் அதுக்கு நேரா வந்ததும் ஸ்டியரிங்கை ஒடிப்பேன். ஒரு மாசமா அதை வச்சுத்தானே பழகினேன்."

"அது நீ வச்சதா? பெயின்ட்டுன்னு நெனச்சேன்."

"என் நகப்பூச்சு! நீங்க இல்லாதப்போ வச்சேன். சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும்.

புள்ளியைத் திரும்ப வைக்க முனைந்தார்கள். கம்பத்துக்குப் பதில் துடைப்பத்தை வாளியில் நட்டு நிறுத்தினார். ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டிய இடத்துக்கு வண்டியை அவரே ஓட்டிவந்து நிறுத்தி, இறங்கி, அவளை உட்காரவைத்தார். வெளியே நின்று நகப்பூச்சுத் தூரிகையைக் கண்ணாடியில் நகர்த்தினார்.

"மேல... இன்னும் கொஞ்சம்... ஐயோ, துடைப்பம் நெளியுதுங்க."

"துடைப்பமாவது நெளியறதாவது. தலையை ஆட்டாம உக்காரு."

"நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். நெளிந்தது. தண்ணீருக்குள் நிற்பதுபோலத் துடைப்பம் இடுப்பை ஒடித்து நின்றது. தலையை லேசாக அசைத்தால் வேறொரு பக்கம் ஒடிந்தது. அவர் நின்று தேய்த்த அதே இடம். கீறல் இருந்திருந்தால்கூடத் துடைப்பம் நேராகத் தெரிந்திருக்கும். இனி அங்கே புள்ளி வைத்தும் பயனில்லை.

"கண்ணாடியைத் தொடைக்கச் சொல்லி உங்ககிட்ட யாராவது அழுதாங்களா?" என்றாள்.

மதியம், தேர்வு மைதானத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவரும் துணைக்கு வந்த மைத்துனியும் நின்றார்கள். கார் முதல் கம்பத்தைத் தாண்டியது. நின்றது. போச்சு, எல்லாம் என் கையாலதான் என்று அவர் நினைக்கும்போதே பக்கத்து இருக்கைக் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. முழுக்க இறங்கியது. திறந்த ஜன்னல் வழியாக அவள் கம்பத்தை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, காலைலேர்ந்து நீங்க பட்ட பாடெல்லாம் கதவுக்குள்ள போயிடுச்சு" என்றாள் மைத்துனி.

கார் பின்னால் வந்தது, தயங்கியது; அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றது. அதிகாரி இறங்கி, குனிந்து பார்த்து, தலையை ஆட்டினார்.

கயிற்றோரம் வந்து நிறுத்தியவள் முகமெல்லாம் சிரிப்பாக, "பாஸுங்க!" என்று கத்திக்கொண்டே கண்ணாடியை ஏற்றினாள். கதவு ரப்பரில் அடைந்திருந்த மண் உரசி, கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை புதிதாக ஒரு கோடு விழுந்திருந்தது.

அவர் கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் இருந்த துணியைத் தேடியது.

"கை பைக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

வீடு வரும்வரை அவர் பக்கத்து இருக்கையில், அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவந்தார்.