நான் எப்ப சொன்னேன்?

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. "சத்தம் இல்லாம ஓடுதா? அப்ப என்னமோ மறைக்குது" என்பார். முப்பது வருஷமாகக் கம்பிவடத்தையும் கதவையும் நம்பாமல் தட்டித் தட்டிப் பார்த்துப் பழகியவர், வீட்டுக்குள் வரும்போது அந்தப் பழக்கத்தைச் செருப்போடு கழற்றிப் போடவா முடியும்? மனைவி சிரித்தால்கூட எதற்கென்று கேட்பார். பேச்சில் மட்டும் ஆள் தாராளம். வாய்க்கு வந்ததை அள்ளி விடுவார், மறுநாளே சுத்தமாக மறந்துவிடுவார்.

அவருடைய தங்கை பதினொரு வருஷக் குடித்தனத்தை விட்டு ஒற்றைப் பையோடு வந்து நான்கு மாதமாகிறது. புருஷனிடம் அடி உதை எதுவும் கிடையாது, வெறும் பேச்சுதான். அதனால் ஏன் வந்தாளென்று யாருக்கும் புரியவில்லை. "பேச்சுதானேம்மா?" என்று இவரே ஒருமுறை கேட்டு வைத்தார். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்ப்பாள். அடுத்தவர் கைபட்டு டம்ளர் விழுந்தாலும் இவள் மன்னிப்புக் கேட்பாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அந்தக் குட்டி நோட்டு. அவர் பேசி முடித்ததும் அவள் மாடிக்குப் போய் அதில் எதையோ எழுதுவதை இரண்டு முறை கதவிடுக்கில் பார்த்துவிட்டார்.

போதாக்குறைக்கு மாப்பிள்ளை ஃபோன் செய்தான். குரலில் தேன் ஒழுகியது.

"மச்சான், உங்க நல்லதுக்குச் சொல்றேன். அவ நடக்காதத நடந்ததுன்னு எழுதி வெப்பா. நாளைக்கு உங்க மேலயும் பழி போடுவா. பாவம், மனசு சரியில்ல. அனுப்பி வெச்சிருங்க, நான் பாத்துக்கறேன்."

"பாக்கலாம் மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே கிடந்து அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது, மனைவியின் தம்பி ஒரு மாதம் தங்க வருவதாகப் பேச்சு வந்தது.

"மாடி ரூம அவனுக்கு விட்டுட்டு நீ ஹால்ல படுத்துக்கோம்மா" என்றார் தங்கையிடம்.

அவள் கை தட்டிலேயே நின்றது. "அது என் ரூமுன்னு சொன்னீங்களேண்ணா?"

"நான் எப்ப சொன்னேன்?"

எல்லா வீட்டிலும் நாளைக்குப் பத்துத் தரம் காதில் விழுகிற கேள்விதான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாதாடவில்லை.

"சொல்லலபோல. நான்தான் தப்பா நெனச்சிருப்பேன். அங்க அவர் தினம் சொன்னது சரிதான். ஃபோன் பண்ணுங்க, வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இவருக்கு முதலில் இரக்கம் வரவில்லை. நாடகமோ என்றுதான் தோன்றியது. பின்னாலேயே ஏறினார். அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டு கட்டிலில் கிடந்தது. தன் வண்டவாளம் என்னென்ன ஏறியிருக்கிறதோ என்று கேட்காமலே எடுத்துப் பிரித்தார்.

'திங்கள். அடுப்பை அணைத்தேன். தொட்டும் பார்த்தேன்.'

'புதன். கதவைப் பூட்டினேன். சாவி ஆணியில்.'

'வெள்ளி, டீ குடிக்கும்போது அண்ணன்: மாடி ரூம் உன்னோடது, எவன் வந்தாலும் விட்டுக் குடுக்காத. அண்ணியும் இருந்தாங்க.'

அந்த 'எவன் வந்தாலும்' வேறு யார் வாயில் வரும்? அவர்தான் சொல்லியிருக்கிறார். முன்னும் பின்னும் புரட்டினார். அவரைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. அவள் சந்தேகப்பட்டதெல்லாம் தன் மூளையைத்தான். அந்த மாப்பிள்ளை பேச்சைப் போய்க் காதில் வாங்கினோமே என்று அவருக்கு மானம் போனது.

"நான்தாம்மா சொன்னேன். மறந்து தொலைச்சிட்டேன். தப்பு என்னோடது. இது உன் ரூம்தான்."

அவள் துணியைக் கீழே வைக்கவில்லை. இதற்கடுத்து என்ன வரப்போகிறதோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நோட்டை மூடிக் கட்டிலில் வைத்தார்.

"நிஜமாவே சொன்னீங்களா?"

"நிஜமாத்தான்."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையாண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அழுகைதான் வந்தது.