போயிட்டு வர்ற பெட்டி

எனக்கு எழுபத்து நாலு வயது. வளர்த்தது ஆறு பேரை. பெற்றது ஐந்து, ஆறாவது என் கொழுந்தனார் மகன். அவனும் என்னைத்தான் ஆத்தா என்று கூப்பிடுகிறான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதனால் இதை மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும். வேறு ஆள் எழுதித் தர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

நான் இருப்பது கடைசி மகன் வீட்டில். அவன் கம்பம் மெட்டு வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறான். மருமகள் படித்தவள். மதுரையில் ஒரு கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே டைப் அடித்துக் கொடுக்கிறாள். அதற்கான கம்ப்யூட்டரைக் கம்பெனியே கொடுத்திருக்கிறது. கீழே நிற்கும் பெட்டி, மேலே டி.வி. போல ஒன்று, எழுத்து அடிக்கிற பலகை, வாலுள்ள எலி, பக்கத்தில் தாள் துப்புகிற மெசின். முன் அறையில் சன்னல் ஓரம் எல்லாம் இருக்கிறது. காலையில் பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு மருமகள் அதன் முன்னால் உட்கார்ந்தால், சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். ஆறு மணிக்கு அதை அணைத்துவிட வேண்டும். அணைத்தாளா இல்லையா என்று மதுரையில் இருப்பவர்களுக்கு அங்கிருந்தே தெரியுமாம்.

சரசுவதி பூசைக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். பூசை முடிந்த அன்று சாயந்தரம் எங்கள் பக்கம் நல்ல இடி. சுருளி மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து அடித்த அடியில் தெருவில் இரண்டு வீட்டு டி.வி. போய்விட்டது. மறுநாள் மருமகள் வேலைக்கு உட்கார்ந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆறு மணிக்கு அணைத்தாள். திரை கருத்தது. பெட்டிக்குள் சுற்றுகிற விசிறி நின்றது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கவில்லை, அதற்குள் விர்ரென்று விசிறி சுற்றி, திரை மறுபடியும் வெளிச்சமாகிவிட்டது.

"என்ன தாயி, மறுபடி போட்டுட்டியா?" என்றேன்.

"நான் எங்க அத்த போட்டேன். அதுவா எந்திரிச்சிருச்சு."

மறுபடி அணைத்தாள். மறுபடி எழுந்தது. நான்கு தடவை பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் பழக்கம் படிச்சிருச்சு போல," என்றேன். "போறேன்னு சொல்லாம, போயிட்டு வாரேன்னு சொல்லுது."

சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அடுத்த நாள் கம்பெனியில் இருந்து போன் வந்தது. பேசினவர் நல்ல தன்மையாகத்தான் பேசினார். ஆனால் எடுத்த எடுப்பில் அவர் சொன்னது என் மருமகளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அணைக்கிறதுக்கு ஒரு வார்த்தை, அணைத்து மறுபடி எழுப்புகிறதுக்கு ஒரு வார்த்தை, இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும், நீங்கள் அவசரத்தில் மாற்றி அமுக்கியிருப்பீர்கள் என்றார். இவளுக்கு முகம் சிவந்துபோனது. மூன்று வருடமாக அதில் வேலை பார்க்கிறவள்.

நான் போனை இந்தப் பக்கம் கொடு என்று வாங்கினேன். "இந்தாப்பா, நான் மாமியா பேசுறேன். மூணு வார்த்த இருக்கு. நடுவுல உள்ளததான் அவ அமுக்குனா. கடைசில உள்ளதத் தொடல. பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்."

"சரிங்கம்மா," என்றார் அவர்.

அதன்பின் அவர் சொல்லச் சொல்ல மருமகள் செய்தாள். சீக்கிரம் எழுவதற்கென்று உள்ளே ஒரு கட்டத்தில் டிக் இருக்குமாம், அதை எடுத்தாள். ஏதாவது கோளாறு வந்தால் தானாக அணைந்து எழு என்று இன்னொரு கட்டத்தில் டிக், அதையும் எடுத்தாள். மதுரையில் இருந்தபடியே அவர் உள்ளே நுழைந்து எலியின் அம்பை இங்கே ஓட்டிப் பார்த்தார். புதிதாக என்னவோ இறக்கினார். ஒவ்வொன்று முடிந்ததும் அணைத்துப் பார்ப்பார்கள். விசிறி நிற்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். விர்ர்.

வயரைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். என் மகனும் அதைத்தான் சொன்னான். ஓடுகிறபோது பிடுங்கினால் உள்ளே எழுதி வைத்திருப்பது கெட்டுப்போகுமாம். அணைந்த நேரம் பார்த்துப் பிடுங்கலாம் என்றால் அணைவதும் எழுவதும் ஒரே மூச்சில் நடக்கிறது. இரண்டு நாள் பிடுங்கிப் பார்த்தோம். மறுநாள் காலையில் அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றது. கம்பெனியில் முகம் சுளித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் சொன்னதை மருமகள் அடுப்படியில் வந்து என்னிடம் சொன்னாள்.

"இடியில பெட்டி போயிருக்கும்ங்கிறாக அத்த. திங்கக்கெழமைக்குள்ள சரியாகலேன்னா பெட்டியக் கொண்டாந்து ஒப்படைச்சிட்டு, மதுர ஆபீஸ்லயே வந்து உக்காந்து வேல பாருன்னுட்டாக. ஹாஸ்டல் இருக்காம்."

"பிள்ள?"

அவள் சட்டியில் கடுகைப் போட்டாள். பேத்திக்கு எட்டு வயது. இரவில் அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் தூங்குகிறது.

சனிக்கிழமை பெட்டியைத் தேனிக்குக் கொண்டு போனோம். மருமகள் பையையும் குடையையும் வைத்துக்கொண்டாள். பெட்டியைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். சின்னமனூர் தாண்டி கண்டக்டர் வந்தார்.

"என்ன ஆத்தா, மடியில பேரனா?"

"ஆமாய்யா. படுக்கப் போட்டா எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறான். டாக்டரு கிட்டக் காட்டப் போறோம்."

"சுக்குத் தண்ணி குடுத்துப் பாத்தீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தேனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் போர்வையை விலக்கியதும் பெட்டியின் நெற்றியில் நான் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். "அம்சமாப் பொட்டு வச்சுக் கூட்டியாந்திருக்கீகளே," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொட்டு வைப்பதில் என் கை நிதானம். ஊரில் கேட்டுப் பாருங்கள். கோணாது, வழியாது, காய்ந்தாலும் உதிராது.

அவர் தன் கடைத் திரையையும் பலகையையும் மாட்டி, பெட்டியை ஓடவிட்டு அணைத்தார். அணைந்தது. எழவில்லை. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். மறுபடி போட்டு அணைத்தார். அணைந்தது. ஐந்து தடவையும் சொன்ன பேச்சுக் கேட்டது.

"பெட்டி நல்லா இருக்கும்மா. இடியும் விழல, ஒண்ணும் விழல. வீட்டு கரண்டப் பாருங்க," என்றார்.

திரும்பி வந்து வீட்டில் மாட்டி அணைத்தோம். விர்ர் என்று எழுந்தது. மருமகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

மகன் அன்று சாயந்தரம் குமுளியில் இருந்து வந்தான். கேட்டுவிட்டு, "சாரமில்ல, விடு. வேலையே வேணாம். இருக்கிறது போதும்," என்றான். மலையாளத்தில் சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று அவனுக்கு நினைப்பு. அவளுக்கு அது வேலை மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் முதுகு நிமிர்ந்துவிடும். நான் அதை மூன்று வருடமாகப் பார்க்கிறேன். என் காலத்தில் எனக்கு அப்படி ஒரு நாற்காலி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மனசு அந்தப் பெட்டியிலேயே இருந்தது. என் மூன்றாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் ஒரு வாரம் படுத்தியது. மடியில் கிடந்தால் தூங்கும், தொட்டிலில் போட்டால் வீறிடும். வைத்தியரிடம் தூக்கிப் போனால் சிரிக்கும். வயிற்றுவலி, உரம் விழுந்தது, கண்ணேறு என்று பிள்ளைக்கே எல்லா மருந்தும் செய்தோம். கடைசியில் பார்த்தால் தொட்டில் துணியின் மடிப்பில் எறும்பு. பால் சிந்திய இடம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"தாயி, நேத்து தேனிக்கு எது எது போச்சு?"

"பெட்டி மட்டுந்தான அத்த."

"மத்ததெல்லாம்?"

"இங்கனதான் இருந்துச்சு. அதுகளுக்கு என்ன?"

"பிள்ளையவே பாத்துக்கிட்டு இருக்கோம். தொட்டிலப் பாப்போம். ஒண்ணொண்ணாக் கழத்து."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் குனிந்து தாள் துப்புகிற மெசினின் வயரைக் கழற்றினாள். அணைத்தாள். எழுந்தது. எலியைக் கழற்றினாள். அணைத்ததும் எழுந்தது. திரையை விட்டுவிட்டு, எழுத்துப் பலகையின் வயரைக் கழற்றினாள். பலகையும் எலியும் இல்லாமல் எப்படி அணைப்பாய் என்றேன். பெட்டியின் பொத்தானை ஒரு தரம் தொட்டால் போதும் என்றாள். தொட்டாள்.

திரை கருத்தது. விசிறி நின்றது. இருவரும் நின்றோம். தெருவில் ஒரு டிராக்டர் போய் முடிகிற வரை நின்றோம். பெட்டி எழவே இல்லை.

பலகையை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். எழுத்து இருக்கிற கட்டைகள் எல்லாம் ஒன்றாக இருக்கும். மேலே, தனியாக, எழுத்து இல்லாத மூன்று கட்டைகள் இருந்தன. பழைய மாதிரிப் பலகையில்தான் அது இருக்குமாம். ஒன்று அணைக்க, ஒன்று தூங்க வைக்க, மூன்றாவது எழுப்ப. அவள் ஒருநாளும் அதைத் தொட்டது இல்லை. அந்த மூன்றிலும் சந்தனம். மூன்றாவது கட்டை சந்தனத்தோடு உள்ளே அமுங்கி, மேலே வராமல் இறுகிப்போய் இருந்தது. பெட்டி ஓடுகிறபோது அதனால் ஒன்றும் இல்லை. அணைந்த நொடியில், எழு எழு என்று அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

வைத்தது நான். பூசைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் துடைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பலகைக்கு வைக்கும்போது யோசித்தேன். எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து மறைந்துபோகும், பாவம், அவள் தேடுவாள். அதனால் எழுத்தில்லாத இடமாகப் பார்த்து, சாமிக்கு வைத்த மாதிரி மூன்று. உதிராமல் இருக்கச் சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகவே குழைத்து, அழுத்தி வைத்தேன்.

கொண்டையில் இருந்த ஊசியை எடுத்து அவள் நெம்பினாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. மூன்றாவது கட்டை டக்கென்று மேலே வந்தது. வாசம்கூட இன்னும் போகவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

மகன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். "என்னடி, கண்டுபிடிச்சாச்சா?" என்றான்.

அவள் உள்ளங்கையில் இருந்த பொடியைப் பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டாள். "தூசிங்க. அன்னைக்கு அடிச்ச காத்துல ஒரு கீக்குள்ள தூசி அடைச்சிருக்கு."

"தூசியா? ஒரு தூசிக்கா ஆத்தா மடியில பெட்டியத் தூக்கி வச்சுத் தேனி வரைக்கும் அலைய விட்ட? அதத் துடைக்கக்கூடவா உனக்கு நேரமில்ல?"

"ஆமாங்க. விட்டுட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஆறு பேரை வளர்த்தவள், ஊரில் நாலு பேர் வழி கேட்டு வருகிறவள், வைத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தொட்டிலில் எறும்பைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி என்று மகன் என்னைத்தான் மெச்சினான். அதையும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு அணைத்தாள், அணைந்தது. மதுரையில் ஒன்றும் சொல்லவில்லை. வந்த பிரச்சினை போய்விட்டது என்று எல்லாருக்கும் நினைப்பு. ஆனால் என் மகன் இருக்கிறானே, ஆறு மணி ஆனால் போதும், "என்ன மேடம், தூசி தட்டியாச்சா?" என்பான். விளையாட்டுக்குத்தான் சொல்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுகிறாள். தீபாவளி போய் கார்த்திகையும் வந்துவிட்டது, அவன் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அது என்மேல் வந்து விழுகிறது. அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்தது இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் பேத்தியின் பழைய நோட்டில் மிச்சம் இருந்த தாள்களில் எழுதினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று.

இப்போது மகன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். மருமகள் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். பேத்தி ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதுகிறது. இங்கன வா தாயி, வீட்டுப்பாடம் அப்புறம் எழுதலாம். இந்த நோட்டைப் பிடி. முதல் தாளில் இருந்து அப்பத்தாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. எழுத்து விட்டுப்போயிருந்தால் நீயே போட்டுக்கொள். சத்தமாக வாசி. அங்கன சோறு தின்கிற உன் அப்பன் காதில் விழ வேண்டும்.