சும்மா இருக்காக

இயற்பியல் படித்தவள் நிதித்துறைக்குள் எப்படி நுழைந்தாய் என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். மாணவிகளிடம் பேசச் சொல்லிக் கல்லூரிகளில் இருந்து அழைப்பும் வருகிறது. பழைய பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகம், விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று அதற்கென ஒரு கதை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்தக் கதையில் நான் சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று உண்டு.

அருப்புக்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் இரண்டு பேர். நான் டவுன், அவள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் அடுத்து பி.எட். என்று வீட்டிலேயே முடிவாகியிருந்தது. எங்களுக்கு மட்டும் இந்த நிதித்துறை ஆசை பிடித்துக்கொண்டது. வணிகவியல் படித்த பெண்களிடம் போய், டெபிட் என்றால் வரவா செலவா என்று கேட்டோம். அவர்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, மதிய இடைவேளைகளில் ஆய்வக மேஜையில் விரித்துப் படித்தோம். ஒருநாள் கதிரியக்கச் சிதைவுச் சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏ பிள்ள, இதுல குறிய மட்டும் மாத்திப் போட்டா கூட்டுவட்டிடி" என்றாள். எனக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. இரண்டு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. அதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

மதுரையில் ஒரு நிதி நிறுவனம் கடன் விண்ணப்பங்களை ஆராயும் வேலைக்கு ஆள் எடுத்தது. எழுத்துத் தேர்வில் நாங்கள் இருவரும் தேறினோம். அறிவியல் படித்தவர்களுக்கு ஓர் இடம்தான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டோம். காரியாபட்டி தாண்டியதும் அவள் கொண்டுவந்த புளிச்சோற்றை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

நேர்காணலுக்கு அவள் முதலில் உள்ளே போய்வந்தாள். அடுத்து நான். எதிரே இருந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. இயற்பியல் படித்தவளை எதற்காக எடுக்க வேண்டும் என்று கேட்டார். சிதைவுச் சமன்பாட்டில் குறியை மாற்றினால் கூட்டுவட்டி என்று சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் இதைச் சொல்லாமல் வந்திருக்கிறாள் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கூச்சப்பட்டிருப்பாள். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு அவளுடைய படிவத்தை எடுத்தார். வேலையில் சேர்பவருக்கு வீட்டில் வருமானமுள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே விதி. என் அப்பா பஸ் கண்டக்டர், சம்பளச் சீட்டு இருந்தது. அவள் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'மூட்டம்' என்று எழுதியிருந்தாள். மேகமூட்டமா என்று கேட்டு அவர் சிரித்தார். அந்தப் பெண்ணிடம் கேட்க விட்டுப்போய்விட்டது, உங்கள் ஊர்க்காரிதானே, அது என்ன தொழில் என்றார்.

எங்கள் பக்கத்தில் மூட்டம் என்றால் கரிமூட்டம். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, உள்ளே தீ வைத்துக் கரியாக்குவது. அந்த வாரம் அவள் அப்பாவுக்கு மூன்று மூட்டம் வெந்துகொண்டிருந்தது. மூட்டம் வேகும்போது போட்டவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஆனால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்பார். நன்றாக வேகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். ஒருவர் சும்மா இருக்கிறார் என்றால் இன்னும் சில நாளில் லாரியில் லோடு ஏறப்போகிறது என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

கரி போடுகிறவர் என்றேன். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"இப்ப சும்மாதான் சார் இருக்காக."

ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அவர் காதில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் படிவத்தின் ஓரத்தில் ஏதோ குறித்தார். பேனாவை மூடும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

திரும்பி வரும்போது உள்ளே என்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். அவள் அப்பா தொழிலைப் பற்றிக் கேட்டார்கள், பெருமையாகத்தான் சொன்னேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. சேர்ந்த ஆறாவது மாதம், பழைய கோப்பு ஒன்றைத் தேடும்போது அந்த நேர்காணல் தாள்கள் கையில் கிடைத்தன. தேர்வில் அவள் என்னைவிட அதிக மதிப்பெண். அவள் படிவத்தின் ஓரத்தில் பேனாவால், 'தகப்பனாருக்கு வேலை இல்லை.' தாள்களை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். அவள் பி.எட். முடித்து, காரியாபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.

இத்தனை வருடத்தில் கடன் கேட்டு வருகிறவர் யாராவது சும்மா இருக்கேன் என்று சொன்னால், நான் அதை அப்படியே எழுதுவதில்லை. சும்மா என்றால் என்ன என்று இன்னொரு கேள்வி கேட்பேன். என் பொறுமையை அலுவலகத்தில் மெச்சுகிறார்கள். அது பொறுமை இல்லை.

போன வருடம் அவள் அப்பா மூச்சுத்திணறல் அதிகமாகிப் படுக்கையில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அவளும் அங்கே இருந்தாள். என்னைக் கண்டதும் அவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா, அன்னைக்கு மதுரையில என் தொழிலப் பத்திப் பெருமையாச் சொன்னியாம்ல. இவ சொல்லிக்கிட்டே இருப்பா. என்ன சொன்னே? ஒரு வாட்டி என் காதால கேக்கணும்."

சொன்னேன். மரத்தை நிறுத்தி அடுக்குவதில் தொடங்கினேன். வெள்ளைப் புகை வந்தால் ஈரம் இன்னும் போகவில்லை, நீலமாக மெலிந்தால் கரி ஆகிவிட்டது என்று அவர் புகையைப் பார்த்தே சொல்லிவிடுவதைச் சொன்னேன். எங்காவது ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல் என்பதால், ஈரமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குளிக்கக்கூடப் போகாமல் காத்திருப்பதைச் சொன்னேன். நாங்கள் கருவிகளை வைத்துக்கொண்டு படித்ததை அவர் வெறும் கண்ணால் செய்கிறார் என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"இம்புட்டுச் சொல்லியுமா அவுக எம்மகளுக்கு வேலை குடுக்கல?"

காபி டம்ளரோடு நின்றிருந்த அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சும்மா இருங்கப்பா" என்றாள்.