கோசோங் நிலம்

மெர்போக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிய வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்திருந்தது. ஆட்சேபம் கேட்க நகராண்மைக் கழகம் கூட்டம் போட்டதும், நான் ஆர்வம் தாங்காமல் அத்தையையும் அழைத்துப் போனேன். அவருடைய பசுக்கள் மேய்வது அந்த நிலத்தில்தான். அது போனால் அவற்றை விற்க வேண்டியதுதான்.

அதிகாரி வரைபடத்தைக் காட்டி, “இது கோசோங், வெறும் நிலம்” என்றார்.

அத்தை தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார்: “கடையில உள்ள ஒண்ணும் வைக்காத ரொட்டி கோசோங் கேட்டா வெறும் தட்டா குடுக்கறாங்க, துவான்? ரொட்டி இருக்குதுல்ல. அங்க என் மாடு நிக்குது லா.”

அதிகாரிதான் முதலில் சிரித்தார். அடுத்த வாரம் நேரில் வந்தும் பார்த்தார். அந்த நிலத்தின் ஓடையோரப் பகுதியை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு, மீதியில் வீடு கட்ட அனுமதி கிடைத்தது.

சேதி சொன்னதும் அத்தை யோசித்தார். “அத்தன வீட்டுக்கும் பால் ஊத்தணும்னா இன்னொரு மாடு வாங்கணும்டா.”