கம்பத்தடிச் சாமிகள்

நான் சைகோனுக்குக் குடிவந்த நான்காம் நாள். மாலை ஐந்து மணிக்குச் சந்துக்குள் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாள் என் பையை வாங்கி, வண்டியில் போடாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கூம்புத் தொப்பி, முகமூடி, முழங்கை வரை கையுறை. கண் மட்டும்தான் தெரிந்தது.

"கறிவேப்பிலைக் காம்பு," என்றார். தமிழில். "தம்பிக்கு எந்த ஊரு?"

திருவாரூர் என்றேன்.

"எங்க அப்பாரு காரைக்கால். பக்கந்தானே? நான் போனதில்ல. பக்கம்னு அப்பாரு சொல்லுவாரு." பையை வண்டிக்குள் போட்டுவிட்டு, கைப்பிடியில் கட்டியிருந்த பழைய சைக்கிள் மணியை இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் பெயர் ரோசாலி. சந்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இந்த ஊரில் பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண்ணால் கூப்பிடுவார்கள். அதிலும் மூத்த பிள்ளைக்கே 'இரண்டு' என்று பெயர், 'ஒன்று' என்று யாருமே கிடையாது. ரோசாலி மூன்றாவதாகப் பிறந்ததால் எல்லாருக்கும் அவர் நாலாமக்கா. எனக்கு மட்டும் ரோசாலி அக்கா.

அப்பா துறைமுகச் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மா இந்த ஊர்க்காரி. எழுபத்தைந்தில் ஆட்சி மாறியபோது ரோசாலிக்குப் பதினேழு வயது. மறு வருடம் அப்பா பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, மூத்த பிள்ளைகள் இருவரோடு பிரான்சில் உள்ள மார்செய்க்கு விமானம் ஏறினார்.

"நீங்க ஏன்க்கா போகல?"

"அம்மாவுக்கு விமானம்னா பயம். எனக்கு அம்மான்னா பயம்."

பிறகு வந்தவை அரிசிக்கு வரிசையில் நின்ற வருடங்கள். ஊரில் பாதிப்பேர் குளியலறையில் பன்றி வளர்த்தார்கள். ரோசாலியும் ஒன்று வளர்த்தார். அப்பாவின் பழைய மேலதிகாரி நினைவாக அதற்குப் பிரான்சுவா என்று பெயர். பிரான்சுவாவுக்குத் தீனி வேண்டி வாளியோடு வீடு வீடாகப் போய்க் கழுநீரும் மிச்சச் சோறும் வாங்கினார். வீட்டுக்காரர்கள் அப்படியே மற்ற குப்பையையும் தலையில் கட்டினார்கள். சில வருடத்தில் பன்றி போயிற்று, குப்பை மட்டும் தங்கிவிட்டது. அறுபத்திரண்டு வீடுகள் கொண்ட எங்கள் சந்து முழுவதும் அவர் கைக்கு வந்தது இப்படித்தான்.

ஆகவே, உணவுக் கழிவைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் பிரித்துக் கொடுங்கள் என்று நகராட்சிக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லத் தொடங்கியபோது ரோசாலி அக்கா அசரவில்லை. "இதெ பிரான்சுவா எண்பத்தொண்ணுலயே சொல்லிட்டான். மீன் முள்ளு கலந்து போட்டா வாளியையே கவுத்துருவான்."

அசர வேண்டிய செய்தி வேறு வந்தது. தனியாகக் குப்பை எடுப்பவர்கள் எல்லாம் கூட்டுறவில் சேர வேண்டும், ஓட்டை வண்டிகள் போய் மூடி போட்ட புது வண்டிகள் வர வேண்டும் என்று விதி வந்தது. அக்கா சேர்ந்தார். புது வண்டிக்கும் எழுதிக் கொடுத்தார். ஆனால் எங்கள் வார்டு அலுவலகத்தின் காகிதத்தில் எங்கள் சந்து முனைக்குக் 'கரும்புள்ளி' என்று பெயர். முனையில் ஒரு மின்கம்பம். ஐந்து மணி மணியைத் தவறவிட்டவர்கள், வாடகை அறைக்காரர்கள், பைக்கில் போகிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கம்பத்தடிதான் குப்பைத்தொட்டி. காலையில் அக்கா அள்ளுவார், சாயங்காலத்துக்குள் மறுபடி முளைத்துவிடும்.

வார்டு அதிகாரி திருமதி துயெத் நேரில் வந்து சொன்னார். "நாலாமக்கா, எனக்கு உங்க மேல ஒரு குறையும் இல்ல. புத்தாண்டுக்கு மூணு நாள் முன்னாடி வந்து போட்டோ எடுப்பேன். கம்பத்தடியில குப்பை இருந்தா இந்தச் சந்து வேலையைப் பெரிய லாரிக்காரங்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

"லாரி இந்தச் சந்துல நுழையுமா? ரெண்டு பைக் எதிரெதிரே வந்தாலே ஒருத்தன் பின்னால போகணும்."

"நுழையாது. சனங்க குப்பையைக் கம்பத்தடிக்குக் கொண்டாந்து வைக்கணும்."

ரோசாலி அக்கா முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. விதி மட்டும் சிரிக்கவில்லை. அறுபத்தோரு வயதில் அறுபத்திரண்டு வீட்டை விட்டுவிட்டு அவர் வேறு எங்கே போவார்?

அடுத்து நடந்ததற்கு நான்தான் காரணம். எங்கள் ஊரில் சுவரை அசிங்கப்படுத்தாமல் இருக்கச் சாமி படம் போட்ட ஓடு பதிப்பார்கள் அக்கா, பிள்ளையார், ஏசு, மெக்கா மூன்றும் வரிசையாக இருக்கும், அதன் முன்னால் ஒருத்தனும் நிற்கமாட்டான் என்றேன்.

அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "இங்க பிள்ளையாரு செல்லாது. மண் சாமிதான் சரி."

மண் சாமி என்றால் நிலத்தைக் காக்கும் சாமி, இந்த ஊரில் ஓங் தியா என்பார்கள். தொப்பை, விசிறி, வாய் கொள்ளாத சிரிப்பு. வீட்டிலும் கடையிலும் வாசலைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காபி வைப்பார்கள், பூண்டு வைப்பார்கள், சிகரெட்கூடப் பற்றவைத்து வைப்பார்கள். காலி செய்து போன யாரோ ஒரு வாடகைக்காரர் விட்டுச் சென்ற ஓங் தியா ஒன்று ரோசாலி அக்காவின் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பல வருடமாக இருந்தது. அதைக் கழுவித் துடைத்துக் கம்பத்தடியில் உட்காரவைத்தார்.

மூன்று நாள் ஒரு துண்டுக் காகிதம் விழவில்லை. அக்கா என் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

நான்காம் நாள் காலையில் அந்தச் சாமிக்குப் பக்கத்தில் இன்னொரு ஓங் தியா இருந்தார், மூக்கு உடைந்தவர்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பழைய சாமியை இந்த ஊரில் யாரும் குப்பையில் போடமாட்டார்கள். ஏதாவது மரத்தடியில், ஏற்கனவே ஒரு சாமி இருக்கிற இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வருவார்கள். புத்தாண்டுக்கு முன்னால்தான் வீட்டுச் சாமியை மாற்றுகிற காலம். எங்கள் சந்தில் மரமே இல்லை. இத்தனை நாள் இடம் தெரியாமல் தவித்தவர்களுக்கு நாங்களே இடம் காட்டிவிட்டோம்.

பத்து நாளில் நாற்பத்தொரு சாமிகள். கை போனவர், காது போனவர், பணம் தருகிற வெள்ளைத் தாடிச் சாமி ஒன்பது பேர். சாமி வந்தால் சாமியின் சாமான்களும் வருமே: ஊதுபத்திக் குச்சி, வாடிய சாமந்தி, உறிஞ்சுகுழலோடு பிளாஸ்டிக் தம்ளரில் காபி. குப்பை இருந்த காலத்தில்கூடக் கம்பத்தடி இவ்வளவு நிறைந்ததில்லை.

"மோந்தியே!" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பாவிடமிருந்து மிஞ்சிய பிரெஞ்சுக் 'கடவுளே' அது. "தம்பி, உங்க ஊருல சாமி ஓட்டைப் பாத்துட்டு யாரும் இன்னொரு ஓட்டைக் கொண்டாந்து ஒட்டமாட்டாங்களா?"

வார்டிலிருந்து சுத்தம் செய்ய வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு," என்று திரும்பிப் போனார்கள். ஆற்றில் விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். "ஆத்துல போட்டா கீழூருக்காரனுக்குக் குப்பை," என்றார். அதிகாரி வர ஒரு நாள்தான் இருந்தது. அன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை.

காலையில் அக்கா கம்பத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சாமியாகக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். "இது பதினேழாம் நம்பர். தைல வாசனை. கால் பிடிச்சுவிடுறாளே, அவ வீட்டுச் சாமி." அடுத்தது: "முட்டியில மீன் செதிலு. மீன்காரம்மா வீடு, சந்தேகமே இல்ல." ஒடிந்த கையை நகப்பூச்சால் ஒட்டிய சாமி அழகு நிலையத்துக்காரியுடையது. முப்பத்தைந்து வருடம் ஒரு சந்தின் குப்பையை எடுத்தவருக்குச் சாமியின் மேல் இருக்கிற அழுக்கு விலாசம் மாதிரி.

ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. யார் வீட்டுப் பையில் என்ன இருந்தது என்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யார் மறுபடி குடிக்கிறார், எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எல்லாம் தெரியும், மூச்சு விடமாட்டார். அதனால்தான் சந்து அவர் கையில் பையைக் கொடுத்தது. "இதெ நடுத்தெருவுல காட்டினா நாளைக்கு எவ என்கிட்டக் குப்பை போடுவா?"

கடைசியில் பழைய செய்தித்தாள் கொண்டுவரச் சொன்னார். நாற்பது சாமிகளையும் மீன் கட்டுவது போலத் தாளில் சுற்றி, கழுவிய வண்டியில் துணி விரித்து அடுக்கினோம். அவர் முதலில் வைத்த சாமி மட்டும் கம்பத்தடியிலேயே இருந்தார்.

ஐந்து மணிக்கு நான் வண்டியைத் தள்ள, அக்கா மணியைத் தட்டினார். வழக்கம்போல் எல்லாரும் பையோடு வெளியே வந்தார்கள். அக்கா பைக்குக் கை நீட்டாமல் பொட்டலத்தை நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்," என்று காதோடு சொன்னார்.

பதினேழாம் வீட்டுக்காரி தாளை விலக்கிப் பார்த்துவிட்டு முகம் சிவந்தாள். "புதுசு வாங்கிட்டேனேக்கா! ரெண்டு பேரும் சண்டை போட்டா?"

"பேசிக்குவாங்க. வேணும்னா புத்தர் கோயிலுக்குக் கொண்டு போ, மாமியா வீட்டுக்குக் கொண்டு போ. கம்பத்துக்கு வேணாம்."

அவள் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டாள், சாமியோடுதான். இப்படியே முப்பது வீடு, சில வீட்டுக்கு இரண்டு சாமி. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

சந்து முனையில் காபிக்கடை வைத்திருக்கும் ஏழாமண்ணன்தான் கத்தினார். "என்னோடது இல்ல! எங்க வீட்டுச் சாமி உள்ள பத்திரமா இருக்கார்!"

"மெதுவாப் பேசு ஏழு."

"ஏன் மெதுவா? எவனோ போட்டதுக்கு நான் பொறுப்பா? என்ன சாட்சி இருக்கு?"

கடையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் திரும்பினார்கள். அக்கா பெருமூச்சு விட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். சாமியின் மூக்கிலிருந்து தொப்பை வரை கரும்பழுப்பாக ஒரு கறை.

"இது காபி. பால் ஒரு சொட்டு கலக்காத காபி. ஏழு, இந்தச் சந்துல சாமிக்குக்கூடப் பால் ஊத்தாத ஆளு எத்தனை பேரு?"

கடை அதிர்ந்தது. ஒருவர் சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

"பால் ஊத்தினா எறும்பு வரும்," என்று ஏழாமண்ணன் முணுமுணுத்தார். ஆனால் சாமியை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபோது வண்டியில் ஐந்து மிஞ்சின. அவை வெளியிலிருந்து வந்தவை. அக்காவுக்குமே அடையாளம் தெரியவில்லை. அவற்றைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய் மாதா படத்துக்குக் கீழே வரிசையாக வைத்தார். "மாதா ஒண்ணும் சொல்லமாட்டா. அவளும் வெளியூருதான்."

மறுநாள் காலை திருமதி துயெத் வந்தார். கம்பத்தடி கழுவி விட்டிருந்தது. சந்து முழுவதும் தற்செயலாக அந்த நேரத்தில் வாசலில் நின்றது. ரோசாலி அக்கா கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அதிகாரி போனை எடுத்தார், தாழ்த்தினார். "இது?"

அக்காவின் ஓங் தியா தொப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார். குப்பை என்று எழுதினால் குப்பைதான்.

"அது நம்ம கடைச் சாமி," என்று ஏழாமண்ணன் சாலையைக் கடந்து வந்தார்.

"கடை அந்தப் பக்கம் இருக்கு. சாமி இந்தப் பக்கம் இருக்காரே?"

"அங்க வெயில் மேடம்." குனிந்து சாமியின் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்தார். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாகக் கெட்டிப்பால், அதன் மேல் கறுப்புக் காபி. ரோசாலி அக்கா குனிந்து தம்ளரைப் பார்த்தார், ஏழாமண்ணனைப் பார்த்தார்.

திருமதி துயெத் போட்டோ எடுத்தார். காகிதத்தில் 'சுத்தம்' என்று எழுதினார். சற்று யோசித்து, 'சாமி ஒன்று' என்றும் சேர்த்தார்.

அடுத்த மாதம் மூடி போட்ட புது வண்டி வந்தது. பழைய சைக்கிள் மணியை அக்கா அதில் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு நான்கு வருடம், நோய்க்காலத்தில் சந்து முழுவதையும் கயிறு கட்டி அடைத்த மாதங்கள் உட்பட, ஐந்து மணி மணி ஐந்து மணிக்கே அடித்தது. மணியைத் தவறவிடுகிறவர்கள் பையைக் கம்பத்தடியில் போடாமல் ஏழாமண்ணன் கடையில் கொடுத்துவைப்பார்கள். அவர் திட்டிக்கொண்டே வாங்கிவைப்பார்.

இந்த மழைக்காலத்தில் ரோசாலி அக்கா போய்விட்டார். சந்தில் இப்போது மணி அடிப்பவர் வேறு ஒருவர். நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். அடக்கம் முடிந்து அக்காவின் வீட்டைக் காலி செய்தபோது மாதா படத்துக்குக் கீழே ஐந்து சாமிகளும் தூசி இல்லாமல் இருந்தார்கள். கம்பத்தடி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பதினேழாம் வீட்டுக்காரி ஒருவரை எடுத்துக்கொண்டாள், ஏழாமண்ணன் இருவரை, மீன்காரம்மா ஒருவரை.

ஐந்தாமவர் என் வீட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு காது இல்லை. காலையில் நான் குடிக்கும் பில்டர் காபிதான் அவருக்கும். இடது முழங்காலில் மஞ்சளாக ஒரு கறை இருக்கிறது. மஞ்சள் தூளா, சாயமா, பழச்சாறா, தெரியவில்லை. முகர்ந்தும் பார்த்துவிட்டேன்.