பனித்தீவு முதலாளியின் வாய்

எழுத உட்காரும்போதெல்லாம் செங்கொடி முதலில் இடது கட்டைவிரல் நகத்தில் ஓர் ஆச்சரியக்குறி போடுவாள். நிப்பைச் சாய்த்து மேலிருந்து கீழாக ஒரு கோடு, மூச்சை விட்டுவிட்டு அடியில் ஒரு புள்ளி. மை பரவினால் துடைத்துவிட்டு மறுபடியும். புள்ளி உருண்டையாக நின்ற பிறகுதான் காகிதத்தைத் தொடுவாள். அறுபத்திரண்டு வயதில், கரண்ட் ஆபீஸுக்கு மனு எழுதினாலும் அப்படித்தான்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். இருபது வயதில் ராயபுரத்து ‘நங்கூரம் காமிக்ஸ்’ அலுவலகத்தில் சேர்ந்தாள். வெளிநாட்டுப் படக்கதைகள் அங்கே ஃபிலிமாக வரும். ஆட்களின் வாயிலிருந்து கிளம்பும் பலூன்களில் ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழை எழுதி ஒட்ட வேண்டும். தமிழ் நீளும், பலூன் நீளாது. அதனால் வசனத்தை வெட்டவும் மாற்றவும் எழுதுகிறவளுக்கு உரிமை உண்டு, யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஒன்பது வருடம் நங்கூரத்தின் துப்பாக்கிகள் எல்லாம் அவள் கையால்தான் வெடித்தன.

ஒருநாள் முதலாளி இக்னேஷியஸிடம் போய், மொழிபெயர்த்தவர் பெயர் வருகிற இடத்தில் தன் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டாள். தூத்துக்குடிக்காரர். ஏஜெண்டுகள் நாலு பேரை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“பலூனுக்குள்ள எழுதுதவளுக்குப் பேரு எதுக்குட்டி? நாளைக்கே தெருவுல போற ஒருத்தியக் கூப்புட்டு ஒக்கார வைப்பேன், பாத்துக்க.”

மறுநாள் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் விம்கோ நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை, முப்பது வருடத்துக்கு மேல். அந்தப் பேச்சு மட்டும் வாயில் போட்ட புளியங்கொட்டை மாதிரி கரையாமல் கிடந்தது.

போன வருடம் இக்னேஷியஸின் மகன் அபின் தேடிக்கொண்டு வந்தான். பழைய கதைகளைக் கெட்டி அட்டையில் மறுபடி போடுகிறான். முதல் புத்தகத்தின் கம்ப்யூட்டர் எழுத்தைப் பார்த்து, பழைய வாசகர்கள் முகநூலில் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

“கம்ப்யூட்டர் எழுத்து கத்தவே மாட்டேங்குதாம் ஆன்ட்டி. உங்க கைதான் வேணுமாம்.”

“உங்க நைனா கீறாரா?”

“இருக்காரு. எண்பத்தஞ்சு ஆகுது. காது மட்டும் கூர்மை. வெளியீட்டுக்கு முன்வரிசையில உக்காரணும்னு ஒரே அடம்.”

“அப்ப எழுதறேன்.”

பெயர் போடச் சொல்லி இந்த முறை அவள் கேட்கவில்லை.

கதை ‘பனித்தீவில் பதினொருவர்’. பனிக்கு அடியில் சுரங்கம் வெட்டும் கைதிகளை எண் சொல்லிக் கூப்பிடுகிற முதலாளி ‘பிராக்’தான் வில்லன். கைக்கு வந்த மொழிபெயர்ப்பில் அவன் சுத்தத் தமிழில் உறுமினான். செங்கொடி அந்த வாயைக் கழற்றிவிட்டு இக்னேஷியஸின் வாயை மாட்டினாள். ரோமத் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் பக்கத்துக்குப் பக்கம் “ஏலே, என்னலே” என்றான். ஏழாம் எண் கைதி தன் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் இருபத்திரண்டாம் பக்கத்தில், நிப்பை அழுத்தி, தடித்த எழுத்தில் எழுதினாள்:

“சுரங்கத்துக்குள்ள வெட்டுதவனுக்குப் பேரு எதுக்குலே? நாளைக்கே தெருவுல போற ஒருத்தனக் கூப்புட்டு எறக்குவேன், பாத்துக்க!”

அபின் பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “எழுத்து என்னா அழகு ஆன்ட்டி!” ஊட்டி கான்வென்டில் படித்த பிள்ளை. கடைப் பலகையையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். படம் பார்க்கிறான், படிக்க மாட்டான் என்று செங்கொடிக்கு நிச்சயம்.

வெளியீடு ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அலி அக்பர், நங்கூரத்தின் நாற்பது வருட வாசகர், மேடையேறி மைக்கைப் பிடித்தார். “ஒரே ஒரு பக்கம் வில்லன் மாதிரியே படிக்கறேன் தலைவா!” விரித்தது இருபத்திரண்டாம் பக்கம்.

படித்து முடித்ததும் ஒரு கிழ ஏஜெண்ட் தொடையைத் தட்டினார். “அட, இது நம்ம அண்ணாச்சி பேச்சில்ல!”

“மாமு, பனித்தீவு தூத்துக்குடி பக்கத்துலயா கீது?” என்று இன்னொரு குரல். சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி முன்வரிசை வரை வந்தது.

இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். “எவ எழுதுனது இது?” எவன் என்று கேட்கவில்லை.

செங்கொடி எழுந்து நின்றாள். “நாந்தான் அண்ணாச்சி. செங்கொடி. தெருவுல போறவள ஒக்கார வெச்சியே, எங்க அவ? உம் புள்ளதானே என் வூட்டு வாசல்ல வந்து நின்னுகினு இருந்தான்!”

அவர் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. பலூன் எதுவும் கிளம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கடையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஐம்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். பிராக் தன் மகனைப் பார்க்கும் கட்டம். அதைப் பேச்சில்லாமல் விட்டிருந்தாள். இப்போது அங்கே ஒரு பலூன் இருந்தது: “எம் பேரச் சொல்லித்தாம்லே நீ சோறு திங்க. ஒனக்குன்னு என்னலே இருக்கு?”

எழுத்து அவளுடையதுதான். எழுதியது அவளில்லை. பக்கம் அமைத்த மொஹ்சினுக்கு ஃபோன் போட்டாள்.

“அது அபின் சார் போட்டதுக்கா. உங்க எழுத்த ஸ்கேன் பண்ணி, ஒண்ணொண்ணா அவரே கோத்தாரு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அறுபத்திநாலு பக்கத்தையும் வெரல வெச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சாரு, நாலு நாளு. இன்னா சார், உங்கப்பா பேச்சு மாதிரியே இருக்கே, மாத்திடலாமான்னு கேட்டேன். ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னுட்டாரு.”