கரகரப்பு இல்லாத ஆப்பிரிக்கப் பாட்டு

கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து என் குரல் கரகரப்புதான். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவில் கல்யாணமான நாள் முதல் பாடியவள் நான். குழுத் தலைவர், “அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை.

பிறகு கணவருக்குச் சாம்பியாவில் வாத்தியார் வேலை கிடைத்தது. அங்குள்ள சபையில் வாய் திறக்கவே பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டோடு மெதுவாக முணுமுணுத்தேன். பாட்டை நடத்திய அம்மாள் காதில் விழுந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்து, கீச்சுக் குரல்காரிக்கும் கனத்த குரல்காரிக்கும் நடுவில் நிறுத்தினாள். அவர்களுக்குக் குரல்கள் ஒன்றாய்க் கரைந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்க வேண்டும். பெருவிரலால் மீட்டும் பலகை வாத்தியத்தில்கூட, ஓசை இரையட்டும் என்று சோடா மூடிகளைத் தளர்வாகக் கோத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, அறுவடைக்கு நன்றி சொல்லும் இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு ஆப்பிரிக்கப் பாட்டு வேண்டும் என்று தலைவர் வீடு தேடி வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நீங்க சொல்லித்தந்தா மட்டும் போரும் அக்கா. பிள்ளைக பாடிக்கிடும்.”

பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒத்திகைக்குப் போனேன். தகர டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்கச் சொன்னால், “அது கீபோர்டுலயே இருக்கு” என்றார் தலைவர். அவரவர் குரலில் பாடச் சொன்னால், எல்லாரும் சேர்ந்து பாயசம் மாதிரி வழவழவென்று பாடினார்கள். “நல்லா ஒட்டுது” என்று தலைவருக்குப் பெருமை. ஒட்டக் கூடாது என்றுதானே தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன்! செவிடன் காதில் ஊதிய சங்கு.

வீட்டில் புலம்பினேன். “விட்டுத்தள்ளுட்டி, பண்டிக நேரத்துல என்னத்துக்குச் சண்ட?” என்றார் கணவர்.

“என்னையப் பாட விடல்லியே.”

அவர் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார்.

பண்டிகையன்று நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பிசிறே இல்லாமல் பாடினார்கள். சபை கைதட்டியது. வெளியே வந்ததும் போதகரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவரும் பக்கத்தில் நின்று சிரித்தார்.

“எல்லாம் ஒங்களாலதான். அங்கயும் இப்பிடித்தானே பாடுவாவ?” என்றார் ஐயரம்மா.

“இல்ல,” என்றேன். “அங்க என்னையும் சேத்துப் பாடுவாவ.”